ஓட்டத்துக்குச் சைக்கிள் எவ்வளவு கைகொடுக்கும்? புதுச்சேரி, கடலூர் ஓட்டக்காரர்கள் விவாதம்

முத்தியால்பேட்டை:
அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானில் அரை மாரத்தான் தூரம்தான் இலக்கு. இப்போது வாரம் 4 நாள், மொத்தம் 40 கி.மீ. ஓட்டம்: செவ்வாய், வியாழன், சனி தலா 8, ஞாயிறு 16. ஐந்தாவது நாளைச் சேர்த்தால் கணைக்காலின் உள்பக்கம் வலிக்கத் தொடங்குகிறது. நான்கோடு நிறுத்தினால் வலி இல்லை. கூடுதல் நாள்களைச் சைக்கிளில் ஈடுகட்டலாமா? கையில் இருப்பது சாதாரண ஹைப்ரிட் சைக்கிள், 700×35 டயர், முன்னால் 42-34-24 பல், பின்னால் 7 கியர்.

எத்தனை கி.மீ. மிதித்தால் ஒரு கி.மீ. ஓட்டத்துக்குச் சமம்? எவ்வளவு வேகமாக, எந்தச் சாலையில் மிதிக்க வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்தடம்:
கி.மீ. கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். 3 கி.மீ. சைக்கிள் 1 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம் என்று பலரும் சொல்வார்கள். சமதரையில், காற்று இல்லாத நாளில், இடையில் நிற்காமல் மிதித்தால் அது ஓரளவு பொருந்தும். ஆனால் வாடைக்காற்று எதிரே அடிக்கும்போது மிதிக்கும் 20 கி.மீ.யும் அதே காற்று முதுகைத் தள்ளும்போது மிதிக்கும் 20 கி.மீ.யும் ஒன்றா? சிக்னலில் நிற்பதும் மிதிக்காமல் உருண்டு போவதும் கூட அந்தத் தூரத்தில் சேர்ந்துவிடுகிறதே.

நிமிடத்தை எண்ணுங்கள். மெதுவான 40 நிமிட ஓட்டத்துக்குப் பதிலாக 60 நிமிடம் மிதிக்கலாம், அதாவது ஒன்றரை மடங்கு. நின்ற நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து சிரமத்தின் அளவு. ஓடும்போது உடலின் முழு எடையையும் கால் தாங்குகிறது, சைக்கிளில் சீட்டு தாங்குகிறது. அதனால் அதே சிரமத்தில் சைக்கிளில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 5 முதல் 10 வரை குறைவாகவே காட்டும். மெதுவான ஓட்டத்தில் உங்கள் துடிப்பு 140 என்றால் சைக்கிளில் 130–135 போதும். இது தெரியாமல் கடிகாரத்தில் 140 வர வேண்டும் என்று மிதிப்பவர்கள் அதிகம். தொடை இறுகி, மறுநாள் ஓட்டம் கெட்டுப்போகும். பிறகு “சைக்கிள் ஓட்டத்துக்கு ஆகாது” என்பார்கள். கடிகாரம் இல்லாவிட்டால் பேச்சு இருக்கிறது: முழு வாக்கியம் தடையில்லாமல் பேச வந்தால் மெதுவான பயிற்சி, நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடுத்தரம், ஒரு சொல்தான் வருகிறது என்றால் கடினம்.

இதில் எது ஓட்டத்துக்கு வந்து சேரும், எது சேராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடும், ரத்த நீர் கூடும், தொடைத் தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடும். இவை எல்லாம் ஓட்டத்துக்கு வரும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை தரையிலிருந்து கால் வழியே ஏறுகிறதே, அதைத் தாங்கும் எலும்பும், அந்த விசையை வாங்கி ஸ்பிரிங் போலத் திருப்பித் தரும் கெண்டைக்காலும் குதிகால் நாணும் சைக்கிளில் வளரவே வளராது. காளை கொழுத்திருந்தால் மட்டும் வண்டி ஊர் போய்ச் சேராது, அச்சும் தாங்க வேண்டும்.

பெடல்90:
செம்மண்தடம் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. சீட்டு உயரம் சரியில்லாம மிதிச்சா கணைக்கால் வலிய விட்டுட்டு முழங்கால் வலிய வாங்கிட்டு வருவீங்க. நம்ம பக்கம் பாதிப் பேரு நின்னா ரெண்டு காலும் தரையில படணும்னு சீட்ட இறக்கி வெச்சிருக்காங்க. முழங்கால் சில்லுக்குப் பின்னால வலி வர்றதுக்கு அதுதான் பெரிய காரணம்.

அளக்கிற முறை: செருப்பு இல்லாம சுவத்துல சாஞ்சு நில்லுங்க. ஒரு கெட்டி அட்டை நோட்ட தொடை இடுக்குல, சீட்டுல உக்காந்தா எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேல அழுத்திப் பிடிச்சு, அதோட மேல் விளிம்ப சுவத்துல பென்சில்ல குறிங்க. தரையிலிருந்து அந்தக் குறி வரைக்கும் உள்ள உயரத்த 0.883 ஆல பெருக்குங்க. ரெண்டு பெடல் தண்டையும் சேக்கிற அச்சோட நடுவிலிருந்து சீட்டு மேல்புறம் வரைக்கும், சீட்டுக் கம்பி போற வாக்குலயே டேப்ப வெச்சு அந்த அளவு வரணும். 80 செ.மீ. வந்தா 70.6.

சரிபார்க்க: சீட்டுல உக்காந்து குதிகாலை பெடல் மேல வெச்சு கீழ வரைக்கும் சுத்துங்க. கால் நேரா நீளணும், இடுப்பு ஒரு பக்கமா சாயக் கூடாது. அப்புறம் பாதத்தோட முன்பகுதிய பெடல்ல வெச்சா முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரைக்கும் மடங்கி இருக்கும். அதுதான் சரி. சீட்டு தாழ்ந்தா முழங்காலுக்கு முன்பக்கம் வலி. உசந்தா முழங்காலுக்குப் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு ஆடும், சீட்டு உரசித் தோல் புண்ணாகும்.

அடுத்து கியர். ஓடும்போது நிமிஷத்துக்கு 170 அடின்னா ஒரு காலுக்கு 85. பெடலும் நிமிஷத்துக்கு 85–90 சுத்து வந்தா கால் பழகின தாளத்துலயே போகும். உங்க வண்டிக்கே கணக்கு சொல்றேன். சக்கரம் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர். முன்னால 34, பின்னால 18 பல்லுல போட்டு 90 சுத்து சுத்துனா மணிக்கு 22 கி.மீ. முன்னால 42, பின்னால 14ல போட்டு 60 சுத்து சுத்துனா மணிக்கு 23. வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ரெண்டாவதுல ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏர்ற மாதிரி. தொடை அங்கேயே தீந்துடும். மறுநாள் ஓட்டத்துக்கு மிச்சம் இருக்காது.

90 சுத்துல உடம்பு சீட்டு மேல துள்ளுச்சுன்னா 80ல ஆரம்பிங்க. ரெண்டு வாரத்துல 90 வந்துரும்.

முத்தியால்பேட்டை:
அளந்தேன் அண்ணா. 79 செ.மீ. வருகிறது. கணக்குப்படி 69.8 இருக்க வேண்டிய இடத்தில் சீட்டு 66.5ல் இருக்கிறது. ஒரேயடியாக ஏற்றிவிடலாமா?

பெடல்90:
வேணாம். ஒரு தடவைக்கு 5 மி.மீ. ரெண்டு மூணு நாள் மிதிச்சுப் பாத்து அடுத்த 5. மொத்தமா ஏத்துனா தொடைப் பின்தசை பிடிச்சுக்கும். சீட்டுக் கம்பியில கருப்பு டேப் ஒட்டி உயரத்தக் குறிச்சு வைங்க, கம்பி மெல்ல இறங்கினா உடனே தெரியும். கம்பியில “இதுக்கு மேல ஏத்தாதே”ன்னு ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளிய தெரியவே கூடாது, தெரிஞ்சா நீளமான கம்பி மாத்தணும்.

காத்தும் பாத்துக்குங்க. 35 டயர்ல 65 கிலோ ஆளுக்கு 50–60 பி.எஸ்.ஐ. போதும். பம்பு அடிக்கிற கடையில கல்லு மாதிரி அடிச்சுக் கொடுப்பாங்க, அது வேண்டாம்னு சொல்லிடுங்க. கை மரத்துப்போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இயன்முறை:
சகோதரரே, சைக்கிளுக்குப் போவதற்கு முன் அந்த வலி எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுங்கள். கணைக்கால் எலும்பின் உள் விளிம்பை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து செ.மீ.க்கும் மேலான நீளத்தில் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் குறைந்து, ஓட்டம் முடிந்தபின் திரும்பினால் அது எலும்பு உறையின் எரிச்சல். சுமையைக் குறைத்தால் தணியும். ஒரே புள்ளியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குத்துகிறது, ஒற்றைக் காலில் துள்ளினால் வலிக்கிறது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சாதாரணம். எக்ஸ்ரே சுத்தம் என்பதை வைத்து மறுபடி ஓடத் தொடங்காதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

எந்த வலிக்குச் சைக்கிள் ஆகும், எதற்கு ஆகாது என்பதிலும் கவனம் வேண்டும். கணைக்கால் உறை எரிச்சலுக்கு ஆகும். குதிகால் நாண் வலிக்கும் பெரும்பாலும் ஆகும். ஆனால் பாதத்தின் முன்பகுதிக்குப் பதிலாக நடுப்பகுதியைப் பெடலில் வைத்து மிதிக்க வேண்டும், அப்போது கெண்டைக்கால் இழுபடுவது குறையும். பாதத்தின் அடித்தசை வலிக்கு அடி கெட்டியான ஷூ போட்டு மிதிக்கலாம்; மெத்தென்ற ஓட்ட ஷூ பெடல் மேல் வளைந்து அதே இடத்தை அழுத்தும். முழங்கால் சில்லு வலியில் சீட்டு சரியான உயரத்தில், லேசான கியரில் மட்டும். தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து முழங்காலுக்கு இறங்கும் பட்டையில் வலி இருப்பவர்களுக்குப் பல சமயம் சைக்கிளே அதை அதிகமாக்கும். முழங்கால் மடங்கி நீளும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டை அதே இடத்தில் அழுத்தப்படுகிறது, ஒரு மணி நேரத்தில் 5,000 தடவைக்கு மேல். அவர்களுக்கு நீச்சல் குளம்தான்.

கெடிலக்கரை:
கடலூர் பக்கத்து ஆள். ரோடு பத்திக் கேட்டீங்களே, சொல்றேன்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில வண்டி போக விடாத விடியக்காலை நேரத்துல சைக்கிள் வேகப் பயிற்சி வேணவே வேணாம். நடக்கிறவங்களும் குழந்தைங்களும் குறுக்க வருவாங்க. ஓட்டத்துக்கு அது நல்ல இடம், சைக்கிளுக்கு இல்ல. நாலு நிமிஷம் மணிக்கு 30ல மிதிச்சாலே 2 கி.மீ. ஓடிடும், அங்க அவ்வளவு நீளமும் கிடையாது.

புதுச்சேரி – கடலூர் மெயின் ரோடு 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்னு ஊருக்கு ஊர் பஸ் நிறுத்தமும் குறுக்குச் சாலையுமா இருக்கு. விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் நிம்மதி. கன்னியக்கோயில்ல உள்ள திரும்பி பாகூர் பக்கம் போயிட்டீங்கன்னா வயல் நடுவுல ரோடு, ஏரிக்கரை, வண்டி குறைவு. மெதுவான 60–90 நிமிஷத்துக்கு அதுதான் நம்ம பகுதிக்கு ஏத்த இடம். அறுப்பு நேரத்துல பாதி ரோட்ல நெல்லு காயப் போட்டிருப்பாங்க, அதுமேல பிரேக் பிடிச்சா வழுக்கும். வடக்க இருக்கிறவங்களுக்கு ஊசுட்டேரி பக்கம் இருக்கு.

மேடு வேணும்னா புதுச்சேரிக்காரங்களுக்கு ஈ.சி.ஆர்.லேந்து குயிலாப்பாளையம் ஏர்ற ரோடு, கடலூர்க்காரங்களுக்குக் கேப்பர் மலை. ரெண்டும் சின்ன ஏத்தம்தான், திரும்பத் திரும்ப ஏறணும். நெல்லிக்குப்பம் ரோட்ல ஆலை ஓடுற பருவத்துல கரும்பு டிராக்டர் வரிசையா வரும், பின்னால நீட்டிக்கிட்டிருக்கிற கரும்புக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி வைங்க.

காத்து: ஐப்பசிலேந்து தை வரைக்கும் வாடை. அப்ப முதல்ல வடக்க மரக்காணம் பாத்துப் போயிட்டு, திரும்பும்போது முதுகுல வாங்கிட்டு வாங்க. சித்திரை, வைகாசியில மதியத்துக்கு மேல கடல் காத்து தென்கிழக்கிலேந்து வரும், அப்ப முதல்ல தெக்க. மாத்திப் போனா களைச்ச நேரத்துல எதிர்க்காத்து. மேடு இல்லாத ஊர்ல எதிர்க்காத்துதான் நமக்கு மலை, அத வெச்சே கடினப் பயிற்சி பண்ணலாம். பின்னால சிவப்பு லைட்டு, ஹெல்மெட் ரெண்டும் இல்லாம இருட்டுல கிளம்பாதீங்க.

பெடல்90:
இப்ப என் கருத்தச் சொல்லிடறேன். இவருக்கு வலி இருக்கிறதால ஓட்டத்த ரெண்டு நாளாக் குறைச்சு, சைக்கிள நாலு நாளா ஆக்கலாம். மூச்சு வளரட்டும், ஜனவரியில ஓட்டத்தக் கூட்டிக்கலாம்.

செம்மண்தடம்:
இதை ஒப்புக்கொள்ள முடியாது, பெடல்90. இந்த இழையிலேயே முக்கியமான இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இதயமும் ரத்தமும் சில வாரங்களில் வளரும். எலும்பும் நாணும் மாதக்கணக்கில்தான் வளரும். டிசம்பர் முழுக்கச் சைக்கிள் மிதித்துவிட்டு ஜனவரியில் ஓட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? மூச்சு வாங்காது. கால் எவ்வளவு தாங்கும் என்பது தெரியாமல் மூச்சு சொல்கிற வேகத்தில் ஓடுவார். முன்பு மூச்சு இளைத்து நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போவார். எலும்பு அதற்குத் தயாராக இருக்காது. காயத்திலிருந்து திரும்புகிறவர்கள் இரண்டாம் முறை அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். சாலைச் சைக்கிள் வீரர்களின் முதுகெலும்பு அடர்த்தி பல ஆய்வுகளில் குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. எலும்புக்கு அதிர்வு தேவை, சீட்டில் உட்கார்ந்தால் அது கிடைக்காது.

எனவே இவருக்கு வலியில்லாமல் தாங்கும் நான்கு ஓட்டமும் அப்படியே இருக்க வேண்டும். சைக்கிள் அதன்மேல் வைக்கும் கூடுதல். ஓட்டமே முடியாத அளவுக்குக் காயம் என்றால் கதை வேறு, அப்போது முழுவதும் சைக்கிளும் குளமும்தான். ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தால் நன்கு பயிற்சி பெற்றவருக்கே உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் சரியும். அந்தச் சரிவைத் தடுப்பதில் சைக்கிளுக்கு இணையில்லை.

பெடல்90:
எலும்பு விஷயம் நியாயம்தான் அண்ணே. நாலு ஓட்டத்தையும் வெச்சுக்கட்டும், வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சனிக்கிழமை 8 கி.மீ.க்கு அப்புறம் ஞாயிறு 16ன்னு அடுத்தடுத்து ரெண்டு நாள் அதிர்வு வருதே, அத மாத்தணும்.

செம்மண்தடம்:
அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். வாரத்தை இப்படி அடுக்கலாம்.

ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்கள் 30–40 நிமிடம் மிக லேசான கியரில் மிதி, தொடை சூடேறுவதே தெரியக் கூடாது. செவ்வாய் வேக ஓட்டம்: 2 கி.மீ. மெதுவாக, பிறகு 4 முறை 1 கி.மீ. அரை மாரத்தான் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 நிமிடம் மெதுவான ஓட்டம், கடைசி 1 கி.மீ. தளர்வாக. புதன் 60–75 நிமிடம் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில். வியாழன் மெதுவான 8 கி.மீ. வெள்ளிக்கிழமை சைக்கிளில் கடினப் பயிற்சி. சனி 8 கி.மீ.யை 5 ஆகக் குறைத்து மிக மெதுவாக, முடிந்தால் ஆரோவில் செம்மண் தடத்தில். குறைத்த 3 கி.மீ.யை ஞாயிறு ஓட்டத்தில் சேர்க்காதீர்கள். ஞாயிறு தூரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1–1.5 கி.மீ. கூட்டி 19–20ல் நிறுத்துங்கள்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சி: 15 நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு, 4 நிமிடம் கடினம், 3 நிமிடம் மெதுவாக, ஐந்து முறை. முதல் நிமிடத்தில் துடிப்பு ஏறியிருக்காது, அதைப் பார்த்து இன்னும் அழுத்தாதீர்கள். ஐந்தாவது சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிய வேண்டும். மூன்றாவதிலேயே வேகம் இறங்கினால் தொடக்கம் அதிகம் என்று பொருள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதற்குப் பதில் 12 நிமிடம் நடுத்தரச் சிரமம், 4 நிமிடம் மெதுவாக, மூன்று முறை.

இதை ஒரே வாரத்தில் தொடங்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் புதன்கிழமை மட்டும், மூன்றாம் வாரம் திங்கள், ஐந்தாம் வாரம்தான் வெள்ளி. “சைக்கிள்தானே, கால் வலிக்காதே” என்று வாரத்துக்கு 4 மணி நேரத்தைத் திடீரென்று சேர்ப்பவர்களுக்கு வலி வராது. தூக்கம் கெடும், காலையில் எழுந்ததும் துடிப்பு வழக்கத்தைவிட 7, 8 கூடுதலாக இருக்கும், ஓட்டம் மந்தமாகும். அப்படித் தெரிந்தால் வெள்ளியை விட்டுவிடுங்கள்.

இயன்முறை:
இந்த அட்டவணையோடு கெண்டைக்காலுக்குத் தனிப் பயிற்சி இல்லாவிட்டால் கணைக்கால் வலி திரும்பும். செவ்வாயும் வெள்ளியும், ஓட்டமோ சைக்கிளோ முடிந்த பிறகு: படிக்கட்டு விளிம்பில் முன்பாதம், ஒற்றைக் கால். மேலே 1 விநாடி, கீழே 3 விநாடி. முழங்காலை நீட்டி 12, லேசாக மடக்கி 12, இப்படி மூன்று சுற்று. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் அதிகச் சுமை வாங்கும் உள் கெண்டைத் தசை அதில்தான் வேலை செய்கிறது. 15 சுலபமாக வந்தால் முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. பிறகு 10 கிலோ.

வலி இல்லாமல் நான்கு வாரம் போனபின் கயிறு தாண்டலாம்: 30 விநாடி, 30 ஓய்வு, ஆறு முறை, வாரம் இரண்டு நாள். சைக்கிள் தராத அதிர்வைச் சிறு அளவில் எலும்புக்குக் கொடுப்பது இது. மண்தரையில் ஷூவோடு தாண்டுங்கள், மொட்டைமாடிக் கான்கிரீட்டில் வெறுங்காலோடு வேண்டாம்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் சைக்கிளிலும் இடுப்பை மடக்கியே இருப்பார். இடுப்பின் முன்தசை குறுகி, ஓடும்போது கால் பின்னால் நீளாது. மிதித்து இறங்கியதும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, அந்தப் பக்கப் பிட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னால் நகர்த்தி 40 விநாடி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை. முதுகை வளைத்தால் பயனில்லை.

முத்தியால்பேட்டை:
மிக்க நன்றி மேடம். மழைக்காலக் கேள்வி மட்டும் பாக்கி. சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் வாரங்களில்?

கெடிலக்கரை:
தண்ணி நிக்கிற ரோட்ல மிதிக்காதீங்க. பள்ளம் தெரியாது, மூடி இல்லாத சாக்கடை தெரியாது. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல்னு நம்ம ரெண்டு ஊரும் பாத்தாச்சு. அந்த மாதிரி வாரத்துல வீட்டுக்குள்ள ஸ்டாண்டுல மிதிக்கிறதுதான். பின்சக்கரத்தத் தூக்கிப் பிடிக்கிற ட்ரெய்னர்ல மிதிக்காம உருள்ற நேரமே கிடையாது, அதனால வெளிய 60 நிமிஷம்னா உள்ள 45 போதும். ஃபேன் காத்து நேரா உடம்பு மேல படுற மாதிரி வைங்க. காத்து இல்லன்னா பத்து நிமிஷத்துல உடம்பு சூடாகி, அதே மிதிக்குத் துடிப்பு 10 ஏறிக் காட்டும், சிரமம் கூடிடுச்சுன்னு தப்பா நினைப்பீங்க. ஹேண்டில் மேல துண்டு போடுங்க, வேர்வை உப்பு நட்டு, போல்ட்ட அரிச்சிடும்.

செம்மண்தடம்:
குளம் கிடைத்தால் அதைவிட நல்லது ஒன்று உண்டு: ஆழ்நீர் ஓட்டம். கால் தரையைத் தொடக் கூடாது, அதனால் உங்கள் உயரத்தைவிட ஆழமான பகுதி வேண்டும். இடுப்பில் மிதவை பெல்ட். உடல் நேராக, மிகச் சிறிது முன்சாய்ந்து, முழங்கை மடங்கி முன்னும் பின்னும் வீச வேண்டும், நாய் நீந்துவது போலத் தண்ணீரை அள்ளக் கூடாது. முழங்காலை முன்னால் தூக்கி, பாதத்தைக் கீழே தள்ளிப் பின்னால் இழுங்கள். முன்னால் நகர வேண்டும் என்ற ஆசையில் உடல் படுத்துக்கொள்ளும், அதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நகர்வது மிக மெதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

தண்ணீரில் துடிப்பு ஓட்டத்தைவிட 10–15 குறைவாக இருக்கும், கைக்கடிகாரம் அளப்பதும் சரியாக இருக்காது. ஒரு காலை மட்டும் எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 60–70 மெதுவானது, 80ஐத் தாண்டினால் கடினம். மெதுவாகவே 45 நிமிடம் செய்தால் சலிப்பு வரும். 10 முறை 2 நிமிடம் கடினம், 30 விநாடி ஓய்வு என்று பிரித்தால் நேரம் போவது தெரியாது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் நான்கு முதல் ஆறு வாரம் இதை மட்டுமே செய்து ஓட்டத் திறனைத் தக்கவைத்திருக்கிறார்கள் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

கடலில் இதைச் செய்யலாமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். புதுச்சேரிக் கரையோரம் பாறை, கடலூர் தேவனாம்பட்டினத்தில் அலை இழுப்பு. குளத்தில் மட்டும்.

முத்தியால்பேட்டை:
புரிந்தது. சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை? புதன்கிழமை மிதித்துவிட்டு வந்தால் பசி தாங்காது என்கிறார்களே.

இயன்முறை:
அந்தப் பசியை அடக்காதீர்கள். எடை குறையட்டும் என்று கூடுதல் பயிற்சிக்கு ஏற்பச் சாப்பிடாமல் இருப்பதும் எலும்புக் கீறலுக்கு வழி. 60 நிமிடம் வரை தண்ணீர் போதும். 90 நிமிடத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை பிழிந்துகொண்டால் கடைப் பாட்டில் தேவையில்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வேர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்தான், அதனால் இளநீர் குடித்தாலும் உப்பு தனியாக வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிய, போவதற்கு முன்னும் வந்து துடைத்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர், வழியில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெடல்90:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நம்ம உப்புக் காத்துல செயின் ஒரே வாரத்துல துரு பிடிக்கும். வாரம் ஒரு தடவை காஞ்ச துணியால துடைச்சு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில், அஞ்சு நிமிஷம் பின்பக்கமா சுத்திட்டு மேல இருக்கிற ஆயில மறுபடி துடைங்க. ஈரமா விட்டா மணல் ஒட்டி அரம் மாதிரி தேய்க்கும். தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் வேணாம். செயின் தேய்ஞ்சதான்னு பாக்க, ஒரு ஊசி மையத்துலேந்து 12 அங்குல ஸ்கேல வைங்க. 12 அங்குலத்துல சரியா இன்னொரு ஊசி இருக்கணும். 16ல் ஒரு பங்கு அங்குலம் தள்ளியிருந்தா செயின் மாத்துங்க. விட்டா பின்னால இருக்கிற ஃப்ரீவீலும் சேந்து போகும், அழுத்தி மிதிக்கும்போது வழுக்கி முழங்கால் ஹேண்டில்ல இடிக்கும்.

முத்தியால்பேட்டை:
அருமை அண்ணா. கடைசியாக ஒன்று, போட்டிக்கு முந்தைய வாரங்களில் சைக்கிளை எப்போது நிறுத்த வேண்டும்?

செம்மண்தடம்:
வெள்ளிக்கிழமைக் கடினப் பயிற்சி போட்டிக்கு 16 நாள் முன்னால் கடைசி. அதன்பின் புதன் 60 நிமிடம் 40 ஆகட்டும். கடைசி வாரத்தில் திங்கள் மட்டும் 30 நிமிடம், லேசான கியர், 90 சுற்று. ஓட்டத்தை அந்த வாரம் பாதியாகக் குறைத்தாலும் செவ்வாய் 3 முறை 1 கி.மீ. போட்டி வேகத்தில் ஓடுங்கள், கால் அந்தத் தாளத்தை மறக்கக் கூடாது. சீட்டு உயரத்தையும் ஷூவையும் கடைசி ஒரு மாதம் மாற்றாதீர்கள். ஆரோவில் தடம் செம்மண்ணும் வேருமாக இருக்கும், ஆகவே ஜனவரி முழுவதும் ஞாயிறு ஓட்டத்தில் பாதியாவது அங்கேயே ஓடிப் பழகுங்கள். தார்ச்சாலை வேகத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.